எண்ணிப் படைத்த பொறியறிஞர்

மோட்டார் வண்டி மேனாட்டில் தோன்றிய தொடக்க நாளில் அதனைக் குதிரையில்லா வண்டி என்றே மக்கள் வழங்கினர். அப்பெயர் அக்கால வண்டிகளுக்கு முற்றும் பொருந்துவதாகவே இருந்தது. குதிரை பூட்டும் வண்டி ஒன்றை எடுத்து, குதிரையை அவிழ்த்துவிட்டு, இருக்கையின் கீழோ பின்புறத்திலோ ஓர் எந்திரத்தைப் பொருத்தி, அதனைச் சங்கிலியாலோ தோல்வாராலோ சக்கரத்தோடு இணைத்துவிட்டால் மோட்டார் வண்டி ஆயிற்று என்பதே அந்நாளைய கம்மியர் பலரின் கருத்து. வண்டி குலுங்கினால் குலுங்கட்டும். எந்திரம் அதிர்ந்தால் அதிரட்டும். ஓடினாற் போதும் என்று அவர்கள் அமைந்தனர். அங்ஙனம் அமையாது, எந்திரம் ஏன் அதிர்கின்றது, ஏறியிருப்பவன் உடல் எத்தகைய அசைவைத் தாங்கும், சக்கரத்திற்கும் தரைக்கும் உள்ள தொடர்பு யாது என அடியிலிருந்தே வினவி, விடை கண்ட பின்னரே கருவியைக் கையில் எடுத்தவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அவரே பிரடெரிக் வில்லியம் லான்செஸ்டர். ஃபோர்டு என்றால் உலகம் அறியும். ரோல்ஸ் ராய்ஸ் என்றால் சிறுவரும் அறிவர். லான்செஸ்டர் என்றால் அறிவார் சிலரே. இஃது ஊழின் செயல் என்று சொல்லி அமைதல் எளிது. ஆயின் அவர் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஊழைவிடத் தெளிவான காரணங்கள் சில புலப்படும்.

லான்செஸ்டர் 1868 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23 ஆம் நாள் லண்டனைச் சார்ந்த லூயிஷம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கட்டடக் கலைஞர். தாயார் இலத்தீன் மொழியும் கணிதமும் கற்பித்தவர். மக்கள் எண்மருள் இவர் நான்காமவர். சௌதாம்ப்டனில் இருந்த ஹார்ட்லி நிலையத்தில் முதலிற் கற்றார். பின்னர் உதவிச் சம்பளம் பெற்றுக் கென்சிங்டனில் இருந்த அறிவியற் கல்லூரியிற் சேர்ந்தார். அங்குப் பொறியியல் போதிய அளவு கற்பிக்கப்படாமையால் மாலை வேளைகளில் பின்ஸ்பரி தொழிற்கல்லூரிக்கும் சென்று பயின்றார். இத்துணை கற்றும் பட்டம் யாதும் பெறாமலே வெளியேறினார். பிற்காலத்தில் ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகத்தின் உறுப்பினராக அவர் 1922 இல் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை எண்ணும்போது, பட்டம் என்பது அறிவுக்கு இட்ட முத்திரையேயன்றி அறிவு அன்று என்பது விளங்கும்.

கல்லூரியை விட்டு நீங்கிய லான்செஸ்டர் சில காலம் காப்புரிமைப் படங்கள் வரையும் பணியில் இருந்தார். 1889 இல் பர்மிங்காம் நகரின் ஒரு பகுதியாகிய சால்ட்லியில், வாயுவால் இயங்கும் எந்திரங்களைச் செய்துவந்த ஃபார்வர்டு கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார். வாரச் சம்பளம் ஒரு பவுன். அவ்வேலைக்குரிய ஒப்பந்தத்தில், பணியாளர் கண்டறியும் திருத்தம் எதுவாயினும் அது கம்பெனிக்கே உரிமையாகும் என ஒரு விதி இருந்தது. வேலை தேடி வருவோர் அத்தகைய விதியைக் கண்டும் காணாதவர்போற் கையொப்பமிடுவதே வழக்கம். இருபது அகவை நிரம்பிய அவ்விளைஞரோ பேனாவை எடுத்து அவ்விதியைக் குறுக்கே அடித்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் கையொப்பமிட்டார். உழைப்பை விற்கலாம், நாளை தோன்றவிருக்கும் எண்ணத்தை இன்றே விற்றல் கூடாது என்பது அவர் துணிபு போலும். செருக்கு என்று இதனைச் சிலர் கூறக்கூடும். ஆயினும் ஒருவன் தன் கைகளை வாடகைக்கு விடும்போது தலையையும் உடன் எழுதிக்கொடுத்தல் வேண்டும் என்னும் வழக்கில் நீதி யாது உளது என்று கேட்டல் தகும். அக்கேள்வி இன்றும் தொழிற்சாலைகளிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் தீர்ந்தபாடில்லை.

அவர் அடித்த அக்கோடு விரைவிற் பயன் தந்தது. எந்திரத்தின் வேகம் மிகாமலும் குறையாமலும் காக்கும் ஊசல் அமைப்பொன்றை அவ்வாண்டே கண்டு காப்புரிமை பெற்றார். அக்கம்பெனியார் தம் எந்திரத்திற் பொருத்திய ஒவ்வோர் அமைப்புக்கும் பத்து ஷில்லிங்கு அவருக்குக் கொடுத்தனர். 1890 இல் அவர் பணிமனை மேலாளராக உயர்ந்தார். பின்னர் வாயு எந்திரத்தைத் தானே கிளப்பும் பொறியொன்றை ஆக்கி, அதன் உரிமையைக் கிராஸ்லி கம்பெனிக்கு நல்ல விலைக்கு விற்றார். இங்ஙனம் வந்த பொருளே அவருக்கு ஓய்வைத் தந்தது. மேலாளர் வேலையைத் தம்பி ஜார்ஜிடம் விடுத்து, தாம் தனித்து ஆராயத் தொடங்கினார். அன்று அவ்விதியை அடிக்காது விட்டிருந்தால் அவருடைய மோட்டார் வண்டி தோன்றியிராது என்று கூறுதல் மிகையாகாது.

1895 இல் லான்செஸ்டர் தம் முதல் வண்டியை வகுத்தார். ஜார்ஜ் உடனிருந்து உதவினார். 1896 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அது தெருவில் ஓடியது. எந்திரங்களால் ஓடும் வண்டி ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைலும் ஊருக்குள் 2 மைலுமே செல்லலாம். அதற்கு முன்னே ஓர் ஆள் நடந்து செல்லல் வேண்டும் என்று அந்நாள் ஆங்கிலச் சட்டம் கூறிற்று. அச்சட்டம் தளர்ந்தது அவ்வாண்டு நவம்பரிலேதான். ஆகவே வண்டி தெருவிற்கு வந்தபின்னரே வழி திறந்தது. முழுவதும் ஆங்கிலேயர் கருத்தாலும் கையாலும் உருவான முதல் நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளுள் அஃது ஒன்று. பிரெஞ்சு வண்டியையோ ஜெர்மானிய வண்டியையோ பார்த்துச் செய்தது அன்று என்பதே அதன் சிறப்பு.

அதன் ஒற்றைச் சிலிண்டர் எந்திரம் ஐந்து குதிரைத் திறனே உடையது, வலிமை போதவில்லை. அதனினும் பெரிய குறை, அதிர்ச்சி. சிலிண்டருள் பிஸ்டன் முன்னும் பின்னும் பாயும்போது வண்டி முழுவதும் அதனோடு நடுங்கும். பிறர் இதனைக் கனமான சட்டத்தால் அடக்க முயன்றனர். அடக்குதல் வேறு, நீக்குதல் வேறு என்பதை உணர்ந்த லான்செஸ்டர் இரண்டு சிலிண்டர்களை எதிரெதிரே படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கிராங்குத் தண்டுகளை அமைத்தார். இரண்டும் எதிரெதிர்த் திசையிற் சுழலும். ஒவ்வொரு பிஸ்டனும் இரண்டு தண்டுகளோடும் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு தண்டு வண்டியை இப்பக்கம் உலைக்குமாயின் மற்றது அதே அளவு அப்பக்கம் உலைக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஏறியிருப்பவர்க்கு அமைதியே எஞ்சும். இவ்வெந்திரத்தையுடைய அவருடைய வண்டி 1899 இல் ரிச்மண்டில் நிகழ்ந்த கண்காட்சியிற் பொற்பதக்கம் பெற்றது.

எந்திரத்தின் அதிர்ச்சி நீங்கிய பின்னும் தெருவின் மேடுபள்ளம் இருந்தது. ஈண்டு லான்செஸ்டரின் சிந்தனை சென்ற வழி வியத்தற்குரியது. வில் மெத்தென்றிருத்தல் வேண்டுமா, விறைத்திருத்தல் வேண்டுமா என்று வண்டிக்காரரைக் கேட்டறிவது பிறர் வழக்கம். அவர் மனிதன் நடையை ஆராய்ந்தார். ஒருவன் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அவன் தலை சிறிது எழுந்து தாழ்கின்றது. பிறந்தநாள் தொட்டு உடல் பழகிய அசைவு அது. அதனால் எவருக்கும் களைப்போ குமட்டலோ உண்டாவதில்லை. ஆகவே வண்டியின் வில்லும் அந்நடையின் தாளத்திற்கு ஒப்ப அசையுமாறு அமைத்தல் வேண்டும் எனத் துணிந்தார். ஓட்டுபவன் கண்ணும் நடப்பவன் கண்ணின் உயரத்திலேயே இருத்தல் நலம் எனக் கருதி இருக்கையை வகுத்தார். வண்டிக்கு அளவுகோல் மனிதன் உடலே என்னும் இவ்வுண்மை இன்று எளிதாகத் தோன்றலாம். பிறர் குதிரையின் இடத்தை நிரப்புவதில் முனைந்திருந்த காலத்தில் இஃது எளிதன்று.

1899 ஆம் ஆண்டின் இறுதியில் லான்செஸ்டர் எந்திரக் கம்பெனி நிறுவப்பட்டது. பர்மிங்காமில் ஸ்பார்க்புரூக் என்னும் பகுதியில் தொழிற்சாலை அமைந்தது. ஒரு வண்டியின் உறுப்பைக் கழற்றி மற்றொரு வண்டியிற் பொருத்தினால் அஃது அராவாமலே பொருந்துதல் வேண்டும் என்பது லான்செஸ்டரின் கட்டளை. அந்நாளில் ஒவ்வோர் உறுப்பும் அதற்கென்றே அராவிச் சரிசெய்யப்படுவது. கம்மியனின் கைத்திறம் அரத்தில் இருந்தது. லான்செஸ்டரோ அளவுக்கருவிகளை வகுத்து, திருகுமறைகளுக்கும் தாமே அளவு விதித்தார். உருளைப் பேரிங்குகளும் புழுப்பல் சக்கரங்களும் அங்கேயே செய்யப்பட்டன. வண்டிக்கூடு செய்வோர்க்கு இம்முறை விளங்கவில்லை. அவர்கள் கண்ணளவிற் செய்த கூடுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமையால், கூடுகளையும் கம்பெனியே செய்யவேண்டியதாயிற்று. அந்நாளில் அவ்வண்டியை வாங்கியவர்களுள் எழுத்தாளர் ரட்யார்டு கிப்ளிங் ஒருவர். அது வழியில் நின்றுவிட்ட நாட்களும் உண்டு.

குறை இல்லாத வண்டி அன்று அது. பிற வண்டிகளிலெல்லாம் திருப்புதற்குச் சக்கரம் வந்துவிட்ட பின்னரும் லான்செஸ்டர் படகின் சுக்கான் பிடிபோன்ற கோலையே பல்லாண்டு விடாது வைத்திருந்தார். அக்கோல் கைக்கு எளிது என்பதற்கு அவரிடம் தக்க காரணங்கள் இருந்தன. ஆயினும் வாங்குவோன் காரணத்தை வாங்குவதில்லை. கண்ணுக்குப் பழகியதை வாங்குகின்றான். இவ்விடத்தில் அவரது பிடிவாதத்தைப் போற்றுதற்கில்லை. தாம் கண்டது சரியாயின் பிறர் தாமே வந்து ஒப்புக்கொள்வர் என எண்ணுதல் அறிஞர் பலரிடம் காணும் பிழை.

காலத்திற்கு முற்பட்டதனாற் பயனிழந்தவையும் உண்டு. 1902 இல் அவர் ஒரு வகைப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுழலும் மெல்லிய வட்டத் தகட்டை இருபுறமும் தாடைபோற் கவ்வி நிறுத்துவது அது. கருத்து மிக நன்று. ஆயின் கவ்வும் பரப்புக்கு அந்நாளிற் கிடைத்தது செம்பே. செம்பு கிரீச்சிட்டது, புழுதி மண்டிய சாலைகளில் விரைந்து தேய்ந்தது. கருத்து உறங்கலாயிற்று. 1953 இல் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் வண்டிகள் தட்டுப் பிரேக்குகளோடு ஓடி வென்ற பின்னரே உலகம் அதனை நாடியது. எண்ணம் தோன்றினால் மட்டும் போதாது. அதற்கு உடல் தரும் பொருளும் உடன் தோன்றுதல் வேண்டும்.

கம்பெனியின் கதை வருந்தத்தக்கது. வண்டி வேண்டுவோர் இருந்தனர். விற்க வண்டியும் இருந்தது. நடத்துதற்கு முதல் போதவில்லை. 1904 இல் கம்பெனி கடன் தீர்ப்பாளர் கைக்குச் சென்று, புதுப்பெயரோடு மீண்டு எழுந்தது. முதலிட்டோர் கருத்து ஆண்டிறுதிக் கணக்கில் இருந்தது. லான்செஸ்டரின் கருத்து பத்தாண்டுக்கு அப்பால் இருந்தது. இரண்டிடையே நாள்தோறும் வழக்கு. ஃபோர்டு ஒரே வகை வண்டியைத் துணிந்து பெருக்கினார்; ரோல்ஸ் விற்கவும் ராய்ஸ் செய்யவும் வல்லராய் வாய்த்தனர். லான்செஸ்டர் மாதிரியை ஓயாது திருத்திக்கொண்டிருந்தார். அவரை அறிந்து பொருள் கொடுத்துப் பொறுத்திருக்கும் ஒருவர் வாய்க்கவில்லை. பழி இருவர்பாலும் உண்டு. எனினும் பெரும்பகுதி முதலிட்டோர்க்கே உரியது. விதைநெல்லைக் கொடுத்த மறுவாரமே கதிர் கேட்பவனை உழவன் என்று யாரும் சொல்லார்.

பிற்பாடு தலைமைப் பொறியாளர் பொறுப்பைத் தம்பி ஜார்ஜ் ஏற்றார். லான்செஸ்டர் 1909 இல் டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகரானார்; அத்தொடர்பு ஏறத்தாழ இருபதாண்டு நீடித்தது. அவர் பெயரை நிலைநிறுத்தவல்ல கண்டுபிடிப்புகளுள் ஒன்று அக்காலத்தை ஒட்டியது. நான்கு சிலிண்டர்கள் வரிசையாக உள்ள எந்திரத்தில் இரண்டு பிஸ்டன்கள் மேலேறும்போது இரண்டு கீழிறங்கும். ஆதலால் அதிர்ச்சி முற்றும் ஒழியும் என்று தோன்றும். ஒழிவதில்லை. பிஸ்டனையும் தண்டையும் இணைக்கும் கோல் சாய்ந்து சாய்ந்து செல்வதால், பிஸ்டன் மேற்பாதியில் விரைந்தும் கீழ்ப்பாதியிற் சற்று மெதுவாகவும் ஓடுகின்றது. அதனால் தண்டு ஒரு முறை சுழல்வதற்குள் இரு முறை எந்திரம் மேலும் கீழும் குலுங்கும். லான்செஸ்டர் பாரம் கட்டிய இரண்டு சிறு தண்டுகளை, கிராங்கினும் இருமடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசையிற் சுழலவிட்டார். பக்கவாட்டில் அவை தம்முள் அழிந்தன. மேல்கீழாக எந்திரத்தின் குலுக்கத்தை அழித்தன. 1970-களில் மிட்சுபிஷி என்னும் ஜப்பானியக் கம்பெனி இக்கருத்தை மேலும் திருத்தித் தன் எந்திரங்களில் அமைத்தது. 1980-களில் போர்ஷே கம்பெனி தன் நான்கு சிலிண்டர் வண்டிக்காக மிட்சுபிஷிக்கு உரிமைக் கட்டணம் செலுத்தியது. லான்செஸ்டரின் காப்புரிமை அதற்கு நெடுநாள் முன்னரே காலாவதியாகியிருந்தது.

மோட்டார் வண்டியோடு அவர் அறிவு நின்றதில்லை. 1890-களின் தொடக்கத்திலேயே பறத்தலின் இயல்பை ஆராய்ந்து, 1894 இல் பர்மிங்காம் அறிவியல் கழகத்தில் உரை நிகழ்த்தினார். இறக்கை எவ்வாறு காற்றால் தாங்கப்படுகின்றது, அதன் நுனிகளிலிருந்து காற்றுச் சுழல்கள் ஏன் பின்தொடர்கின்றன என்பதை அவர் மனக்கண்ணாற் கண்டுவிட்டார். 1897 இல் அதனை எழுதி லண்டன் இயற்பியற் கழகத்திற்கு அனுப்பினார், அவர்கள் ஏற்கவில்லை. ரைட் உடன்பிறந்தார் பறந்தது 1903 இல் என்பதை நினைவிற் கொண்டால் மறுப்பின் கொடுமை விளங்கும். பத்தாண்டு கழித்து, 1907, 1908 ஆம் ஆண்டுகளில் இரண்டு பெருநூல்களாக அவை வெளிவந்தன. ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்து அறிஞர் ரூங்கே அவற்றை மொழிபெயர்க்கும் பணியில் ஈடுபட்டார். 1908 இல் லான்செஸ்டர் ஆங்குச் சென்றபோது பிராண்டில் என்னும் பேரறிஞரையும் சந்தித்தார். இறக்கை பற்றிய கணிதக் கொள்கையைப் பின்னர் முறையாக நிறுவியவர் பிராண்டிலே. 1927 இல் லண்டனில் ஆற்றிய உரையில் அவர் லான்செஸ்டரின் முதன்மையை ஒப்புக்கொண்டு, அவருடைய நூல் பயில்வோர் அறிவுக்கு மிக்க உழைப்பைத் தருவது என்பதையும் குறிப்பிட்டார்.

அது நேர்மையான மதிப்பீடே. லான்செஸ்டரின் நடை கடினம், கலைச்சொற்களோ புதியவை. பறக்கும் ஊர்தி ஏறியும் இறங்கியும் அலைபோற் செல்லும் ஓர் அசைவுக்குக் கிரேக்க மொழியிலிருந்து ‘ஃபியூகாய்டு’ என ஒரு சொல்லை ஆக்கினார். ஆங்கிலத்தில் பறத்தலுக்கும் தப்பியோடுதலுக்கும் சொல் ஒன்றே. கிரேக்கத்தில் வேறு வேறு. அவர் எடுத்ததோ தப்பியோடுதலைக் குறிக்கும் வேர். இலத்தீன் கற்பித்த தாயின் மகன் கிரேக்கத்தில் இடறினார் என்பது சுவையான செய்தி. அப்பிழைச் சொல்லே இன்றும் விமானக் கல்லூரிகளிலெல்லாம் வழங்குகின்றது. புதுச்சொல் ஆக்குவோர் வேர்ச்சொல்லை இருமுறை நோக்குதல் நலம்.

1914 இல் பெரும்போர் மூண்டது. அவ்வாண்டே அவர் எழுதத் தொடங்கிய கட்டுரைகள் 1916 இல் நூலாயின. படையின் வலிமை ஆள் தொகையைப் பொறுத்ததன்று. அத்தொகையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது அவற்றுள் அவர் நிறுவிய விதி. தொலைவிலிருந்து சுடும் ஆயுதங்கள் உடைய, திறத்தில் ஒத்த, ஆயிரவர் படை இரண்டு எனக் கொள்க. ஒன்று ஐந்நூறு ஐந்நூறாகப் பிரிந்து முறையே எதிர்த்தால், பிரியாத படை முதற்பாதியை வென்றபின் 866 பேரோடு நிற்கும். மறுபாதியையும் வென்றபின் 707 பேர் எஞ்சுவர். பிரிந்த படை முற்றும் அழியும். 1805 இல் டிரபால்கர் கடற்போரில் நெல்சன் வகுத்த வியூகத்தையும் இவ்விதியாலேயே ஆராய்ந்து காட்டினார். இரண்டாம் உலகப் போரில் செயல்முறை ஆராய்ச்சி என்றொரு துறை வளர்ந்தபோது, அதன் முன்னோடிகளுள் ஒருவராக லான்செஸ்டரை அறிஞர் போற்றினர். உறுப்புகளின் அதிர்ச்சியை எண்ணிப் பார்த்த அதே அறிவு போர்க்களத்தையும் எண்ணிப் பார்த்தது. கருவி ஒன்றே, பொருள்தான் வேறு.

அவர் தோற்றுவித்த கம்பெனி 1931 இல் டெய்ம்லர் சார்ந்த குழுமத்தின் கைக்குச் சென்றது. டெய்ம்லர் தொடர்பும் நீங்கியபின் ஒலிபெருக்கிகள் செய்யத் தொடங்கினார். உடல்நலம் குன்றியதால் 1934 இல் அதனையும் விட்டார். நடுக்குவாத நோய் பற்றியது. அதிர்ச்சியை ஒழிக்கும் வழியை உலகிற்குக் காட்டியவர் கை எழுதுகோலைப் பிடிக்கவும் நடுங்கிற்று. அந்நிலையிலும் இசையின் சுர அளவுகளைப் பற்றியும் சார்புக் கொள்கையைப் பற்றியும் எழுதினார். புனைபெயரிற் பாடல்களும் வெளியிட்டார். பொருள் வறண்டது. ஓர் அற அமைப்பின் உதவியாலேயே பர்மிங்காமில் தாம் கட்டிய இல்லத்தில் தொடர்ந்து வாழ முடிந்தது. பதக்கங்கள் மட்டும் குறைவின்றி வந்தன: அமெரிக்காவிலிருந்து 1931 இல் குகன்ஹைம் பதக்கம், 1945 இல் ஜேம்ஸ் வாட் பதக்கம். மோட்டார்த் தொழில் அவருடைய கருத்துகளால் ஈட்டிய செல்வத்தில் ஒரு துளியேனும் உயிரோடிருக்கும்போதே அவர் வாயிலை அடைந்திருத்தல் வேண்டும். ஆயின் வாயிலை அடைந்தவை தங்க வில்லைகளே.

1946 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8 ஆம் நாள் லான்செஸ்டர் காலமானார். அவருக்கு மக்கள் இல்லை. அவர் பெயர் தாங்கிய வண்டிகளும் அதன்பின் பத்தாண்டளவில் நின்றுபோயின. கவன்ட்ரி நகரத்துத் தொழிற்கல்லூரி ஒன்று 1970 முதல் 1987 வரை அவர் பெயரால் வழங்கிற்று. பின்பு அப்பெயரை நகரத்தின் பெயராக மாற்றிக்கொண்டது. அஃது இன்று பல்கலைக்கழகமாக உள்ளது. அதன் நூலகக் கட்டடத்திற்கு மட்டும் அவர் பெயரை இட்டுள்ளனர்.